407 டீசல் டேங்க் மூடி: லாக் வச்சது வாங்கலாமா, சாதாவே போதுமா?

பாலக்கோடு_407 · திங்கள், இரவு 10.12

வணக்கம். என் வண்டி டாடா 407 மினி லாரி, 1998 மாடல், தர்மபுரி பதிவு. நான் மூணாவது கை. பாலக்கோட்டுல தக்காளி ஏத்திக்கிட்டு சேலம் போவேன். திரும்பும்போது நாமக்கல் பக்கம் கோழித்தீவனம் கிடைச்சா அது, இல்லேன்னா காலிப் பெட்டியோட வந்துடுவேன்.

போன மாசம் ஒரு பங்க்ல டீசல் போட்ட பையன் மூடியைக் கழட்டி பம்ப் மேல வச்சவன் வச்சவன்தான். நானும் பார்க்கல. பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டி டீக்கடையில நிறுத்தினா டேங்க் வாய் ஆன்னு திறந்து கிடக்கு, சைடு பூரா டீசல். அன்னிக்கு பனியனைச் சுருட்டி அடைச்சுக்கிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒரு ஸ்பேர்ஸ் கடையில லாக் வச்ச மூடி, 350 ரூபா. 407ன்னு சொன்னேன், எடுத்துக் கொடுத்தாங்க. உட்காருது, ஆனா லேசா ஆட்டம். சைக்கிள் டியூபை வெட்டி ரெண்டு சுத்து வாஷர் மாதிரி போட்டு இறுக்கினேன். இப்ப அந்த டியூப் உப்பிப்போய் கொழகொழன்னு இருக்கு, விரல்ல மை மாதிரி ஒட்டுது. நல்ல மூடியா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். லாக்கா, சாதாவா, எது?

வேற ஒரு தொல்லையும் இருக்கு, அது தனிக்கதை. மூணு வாரமா தொப்பூர் ஏத்தத்துல வண்டி மக்கர் பண்ணுது. லோடோட ஏறும்போது பவர் குறையுது, முழுசா மிதிச்சாலும் தவிக்குது, அப்புறம் விக்கி விக்கி ஆஃப் ஆயிடுது. ஃபில்டர் மாத்தியாச்சு, டேங்க்ல இருந்து டீசலை இழுக்கற ஃபீட் பம்புக்கு கிட் போட்டாச்சு, 1,800 ரூபா காலி. அப்படியும் போன புதன்கிழமை நின்னுடுச்சு. டீசல் கேஜ் வேலை செய்யாது, அதனால மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், டீசல் தாராளமா இருக்கு. பிரைமரை (கையால டீசல் ஏத்தற சின்ன பம்ப்) நாலு அடி அடிச்சேன், உடனே புடிச்சுக்கிச்சு. டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கு, ஏர் லாக்குங்கறார் மெக்கானிக். அதுக்குத் தனியா இழை போடறேன், இங்க மூடி மட்டும் சொல்லுங்க.

மேலுமலை_டிரைவர் · திங்கள், இரவு 10.40

கண்ணை மூடிக்கிட்டு லாக் போடு தம்பி. கிருஷ்ணகிரி தாண்டி ரோட்டோரம் ரெண்டு மணி நேரம் கண் அசந்தேன், எந்திரிச்சுப் பார்த்தா நாற்பது லிட்டர் போச்சு. சாதா மூடின்னா ஒரு டியூபும் ஒரு கேனும் இருந்தா போதும் அவனுங்களுக்கு.

ரவுண்டானா_ராஜா · திங்கள், இரவு 11.05

லாக் மூடி போட்ட எங்க வண்டியில பைப் ரிஞ்சை மாட்டித் திருகி மூடியையே கொண்டு போயிட்டான். டீசலும் போச்சு, 400 ரூபா மூடியும் போச்சு. சாதா மூடியா இருந்திருந்தா டீசல் மட்டும்தான் போயிருக்கும் 😀

காவேரிப்பட்டணம்_பட்டறை · செவ்வாய், காலை 6.20

தம்பி, தனி இழை வேணாம். ரெண்டும் ஒரே கதையாத்தான் தெரியுது. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வண்டி நிக்க ஆரம்பிச்சது புது மூடி போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா? நின்னப்போ மூடியைத் திறந்தியே, அப்ப சத்தம் ஏதும் வந்துச்சா? அன்னிக்கு டேங்க்ல எவ்வளவு டீசல்?

பாலக்கோடு_407 · செவ்வாய், மதியம் 1.30

அண்ணா, பின்னாடிதான். நாள் கணக்குப் பார்த்தா மூடி போட்ட அதே வாரம்.

சத்தம் வந்துச்சு. சாவியைத் திருப்பிட்டேன், ஆனா மூடி தூக்க வரல, புடிச்சு இழுத்தேன், உஸ்ஸ்னு ஒரு சத்தம். வெயில்ல உள்ள கேஸ் கட்டியிருக்கும்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு ஓமலூர்ல ஃபுல் டேங்க் போட்டேன். இப்ப யோசிச்சா நின்ன மூணு தடவையும் ஓமலூர்ல ஃபுல் அடிச்சுட்டு வந்த நாள்தான். அரை டேங்கோட ஏறினப்போ ஒண்ணும் பண்ணல. ஃபுல் டேங்க்னா வெயிட்டு ஜாஸ்திங்கறதாலயா?

காவேரிப்பட்டணம்_பட்டறை · செவ்வாய், இரவு 9.15

முப்பது லிட்டர் டீசல் வெயிட்டுல 407 நிக்காது. வண்டிக்கு மூச்சு முட்டுது.

டேங்க்ல இருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்கு காத்து வரணும். வர வழி இல்லேன்னா உள்ள வேக்கம் கட்டும், அதாவது காத்தழுத்தம் குறையும். ஃபீட் பம்ப் இந்தப் பக்கம் இழுக்குது, டேங்க் அந்தப் பக்கம் இழுக்குது. சமதளத்துல அரை மிதியில ஓட்டினா எப்படியோ சமாளிச்சுடும். தொப்பூர் ஏத்தத்துல முழு மிதி, டீசல் கேக்கறது அதிகம், அங்க பம்ப் தோத்துடும். நீ மூடியைத் திறந்ததும் காத்து உள்ள போச்சு, வண்டி புடிச்சுக்கிச்சு. பிரைமர் சும்மா பேர் வாங்கிக்கிச்சு.

டேங்க் அடியில கசடு இருந்தா டீசல் குறையக் குறையத்தான் தொல்லை வரும். ஃபுல் டேங்க்ல நிக்குது, அரை டேங்க்ல நிக்கலைன்னா முதல்ல மூடியைப் பாரு. இதைக் கத்துக்க எனக்கு ஒரு 1613 லாரியில நல்லா இருந்த பம்ப் ஒண்ணை அநியாயமா இறக்கி ஏத்த வேண்டியதாயிருந்துச்சு.

டிப்ளமோ_மெக் · செவ்வாய், இரவு 10.02

ஃபுல் டேங்க்ல ஏன் சீக்கிரம் நிக்குதுன்னு கணக்காவே சொல்லிடலாம். 60 லிட்டர் டேங்க்னு வச்சுக்குவோம். ஃபுல் அடிச்சா மேல காத்து இருக்கற இடம் ஒரு 3 லிட்டர். ஓமலூர்ல இருந்து தொப்பூர் ஏத்தம் வர்றதுக்குள்ள 3 லிட்டர் டீசல் எரிஞ்சிருந்தா, அதே காத்து இப்ப 6 லிட்டர் இடத்துல பரவியிருக்கு. அழுத்தம் பாதியாயிடும். மூடி சுத்தமா ஏர்டைட்டா இருந்தாதான் இவ்வளவு. நிஜத்துல எங்கேயாவது கொஞ்சம் கசியும், தகரமும் கொஞ்சம் உள்ள வளையும்.

அரை டேங்க்னா ஏற்கனவே 30 லிட்டர் காத்து. 3 லிட்டர் எரிஞ்சா 33 ஆகும், அழுத்தம் பத்துல ஒரு பங்கு கூடக் குறையாது. பம்ப் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.

உஸ்ஸ் சத்தத்துல ஒரு குழப்பம் உண்டு. வெயில்ல நின்ன வண்டியில காத்து வெளிய வரும்போதும் அதே சத்தம்தான். மூடியை லேசா நெகிழ்த்தி, சன்னமான பாலிதீன் துண்டு ஒண்ணை விளிம்புகிட்ட புடிங்க. உள்ள இழுத்தா வேக்கம், வெளிய தள்ளினா வெறும் சூடு. மூடி தூக்க வராம ஒட்டிக்கிச்சுன்னு நீங்க சொன்னதே போதும், உங்களுது வேக்கம்தான்.

அரூர்_ஆயில்மேன் · புதன், காலை 7.45

ஒரு மூடியால வண்டி நிக்கும்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். டேங்க்ல இருந்து வர்ற ஹோஸ் வெடிச்சிருக்கும், இல்ல டீசல் பைப்பை மாட்டற பேன்ஜோ போல்ட் சல்லடை அடைச்சிருக்கும். இருபத்தேழு வருச வண்டிங்க. நூறு காரணம் இருக்கு.

காவேரிப்பட்டணம்_பட்டறை · புதன், காலை 8.10

இருக்கலாம், அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி சும்மா பார்க்கச் சொல்றேன். அடுத்த தடவை பவர் குறையும்போது நல்ல இடமாப் பார்த்து ஓரங்கட்டி, மூடியைத் திறந்து மூடு. பிரைமரைத் தொடாத. ஸ்டார்ட் பண்ணி ஏத்து. வண்டி பழைய மாதிரி இழுத்தா மூடி. இழுக்கலேன்னா அரூர்காரர் சொல்ற ஹோஸ், போல்ட் எல்லாம் பாரு. ஹோஸ்ல ஏர் இழுத்தா மூடியைத் திறந்தாலும் மூடினாலும் தொல்லை ஒரே மாதிரி இருக்கும்.

கணவாய் ரோட்டுல வளைவுல நிறுத்தி இந்தச் சோதனை எல்லாம் பண்ணாத. பின்னாடி வர்றவனுக்கு பிரேக் இருக்கோ இல்லையோ.

ரவுண்டானா_ராஜா · புதன், மதியம் 12.20

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? மூணு இஞ்சு ஆணி ஒண்ணு, சுத்தியல் ஒண்ணு. மூடி நடுவுல ஒரே போடு. மூச்சு விட்டுடும்.

டிப்ளமோ_மெக் · புதன், மதியம் 12.55

ராஜா அண்ணா, தயவுசெஞ்சு வேணாம். மூடி மேல நேரா ஓட்டை போட்டா மழைத்தண்ணி நேரா டேங்குக்குள்ள. தண்ணி டீசலுக்கு அடியில தங்கும், உள்ள துருப் புடிக்க வைக்கும், பம்ப், நாசில் வரைக்கும் போனா மூடி விலையில நூறு மடங்கு செலவு. ரோட்டுப் புழுதியும் அதே வழியில போகும்.

சூட்டையும் சேர்த்துக்குங்க. டீசல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்துல முக்கால் பங்குக்கு மேல விரியும். விடியக்காலையில பூமிக்கடியில இருந்து வர்ற டீசலை விளிம்பு வரைக்கும் 60 லிட்டர் ரொப்பிட்டு, மதியம் வெயில்ல நிறுத்தி டேங்க் 20 டிகிரி ஏறினா, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அதிகமாகும். ஆணி ஓட்டை வழியா அது ரோட்டுக்குத்தான் வரும்.

மூச்சு விடற நல்ல மூடியில வெறும் ஓட்டை இருக்காது. காத்து நேரா போகாம வளைஞ்சு போற வழி, இல்லேன்னா ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ள காத்து போகும், டீசல் அலம்பினா வெளிய வராது.

பென்னாகரம்_பைக் · புதன், மதியம் 2.40

நான் லாரிக்காரன் இல்ல, தேடினப்போ இந்த இழை கண்ணுல பட்டுச்சு. தொப்பூர் இறக்கத்துல ஒரு தூறல் நாள்ல ரோட்டுல சிந்திக் கிடந்த டீசல்ல வழுக்கி விழுந்தவன் நான். கருப்பு ரோட்டுல தெரியவே தெரியாதுங்க, வானவில் மாதிரி ஒரு மினுமினுப்பு, அதைப் பார்க்கறதுக்குள்ள கீழ கிடந்தேன். பின்னாடி வந்த லாரிக்காரர் சுதாரிச்சு நிறுத்தினதால இதை எழுதறேன். கையில ஏழு தையல். மூடியில ஆணி அடிக்கறவங்க ஒரு நிமிசம் எங்களை நினைச்சுக்குங்க.

ரவுண்டானா_ராஜா · புதன், மதியம் 3.05

சரிப்பா, ஆணியை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஓசூர்_டு_டெக்சாஸ் · வியாழன், காலை 5.50

நம்ம ஊர் இழையைப் பார்த்து சந்தோசம். இங்க பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட 1968 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் இருக்கு. அவருக்கும் இதே கேஸ் கேப் பிரச்சனை வந்துச்சு.

ரவுண்டானா_ராஜா · வியாழன், காலை 6.30

கேஸ் கேப்பா? வண்டி சிலிண்டர்லயா ஓடுது?

ஓசூர்_டு_டெக்சாஸ் · வியாழன், காலை 6.48

😀 இங்க பெட்ரோலைத்தான் கேஸும்பாங்க அண்ணா. அந்த வண்டியில டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே இருக்கும். மூடி தொலைஞ்சதும் கடையில அளவு சரியா இருக்குன்னு பிந்தின மாடலோட மூடியைக் கொடுத்துட்டாங்க. இங்க 1970களோட தொடக்கத்துல பெட்ரோல் ஆவி வெளிய போகக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த வண்டியில டேங்க் மூடின அமைப்பு, ஆவியைப் புடிச்சு வைக்க கரி டப்பா தனியா உண்டு. அதுக்கு முந்தின வண்டி மூடி வழியா மூச்சு விடும். பழைய வண்டிக்குப் புது மூடி போட்டா மூச்சு முட்டும். புது வண்டிக்குப் பழைய மூடி போட்டா பெட்ரோல் நாத்தம், ஆவி வீண். வாய் அளவு ரெண்டுக்கும் ஒண்ணா இருந்ததுதான் வினை.

அங்க பழைய பெட்ரோல் ஜீப், ஆம்னி வச்சிருக்கறவங்களுக்கும் இதே பேச்சுதான். பெட்ரோல் மூடியில ஆணி கீணின்னு யோசிக்கவே கூடாது, டீசல் மாதிரி இல்ல அது, ஆவியே பத்திக்கும்.

பாலக்கோடு_407 · வியாழன், இரவு 9.30

அண்ணன்களே, இன்னிக்கு காலிப் பெட்டியோட வந்தாலும் வேணும்னே ஓமலூர்ல ஃபுல் அடிச்சேன். லோடு இல்லாததால நிக்கல, ஆனா ஏத்தத்துல பாதியில தவிக்க ஆரம்பிச்சுது. மேல டோல்கேட் தாண்டி அகலமான இடத்துல நிறுத்தி பாலிதீன் புடிச்சுப் பார்த்தேன். சர்ருன்னு உள்ள இழுத்துக்கிச்சு. கூடவே டேங்க் தகரம் 'டொப்'புனு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, பயந்தே போனேன். உள்ள வளைஞ்சிருந்தது திரும்ப நிமிர்ந்திருக்கு. மூடியைத் திறந்து மூடிட்டு ஏத்தினேன், தர்மபுரி வரைக்கும் குதிரை மாதிரி வந்துச்சு.

ஆக மூடிதான். அப்ப ஓட்டை உள்ள மூடின்னு கேட்டு வாங்கிடறேன்.

காவேரிப்பட்டணம்_பட்டறை · வெள்ளி, காலை 6.05

பொறு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேங்க் மேல் பக்கம் ஒரு தடவை துடைச்சுப் பாரு. சில டேங்க்ல மூச்சுக்குன்னே தனியா சின்னக் குழாய் இருக்கும், பிரீதர். அது இருந்தா மூடி ஏர்டைட்டா இருக்கறது தப்பே இல்ல. இல்லேன்னா மூடியிலதான் மூச்சு வேணும். இது ரெண்டுல உன் டேங்க் எதுன்னு தெரியாம மூடி வாங்கினா மறுபடியும் இதே இழைக்கு வருவ. டேங்க் மாத்தின வண்டியா இருந்தா வண்டிப் பேரைச் சொல்லி வாங்கறதுலயும் அர்த்தமில்ல.

பாலக்கோடு_407 · ஞாயிறு, மாலை 4.15

அண்ணா, உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்.

டேங்க் மேல இருபது வருசத்து மண்ணும் டீசலும் சேர்ந்து தார் மாதிரி ஒரு படலம். மண்ணெண்ணெய் ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். கேஜ் யூனிட்டுக்குப் பக்கத்துல சுண்டு விரல் தடிமனுக்கு ஒரு குழாய் முனை, அது மேல யாரோ எம்சீல் (ஓட்டை அடைக்கற பசை) வச்சு அப்பியிருக்காங்க. வச்சவரோட கட்டை விரல் ரேகை கூட அதுல அப்படியே இருக்கு.

பழைய ஓனருக்கு போன் போட்டேன். "ஆமாம்பா, திருப்பத்துல டீசல் வழியுதுன்னு நான்தான் அடைச்சேன், மூடியிலதான் ஓட்டை இருந்துச்சே"ங்கறார். ஆக அந்தப் பழைய மூடி தொலையற வரைக்கும் வண்டி அது வழியாத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கு. நான் வாங்கினது மூச்சே இல்லாத லாக் மூடி. போதாததுக்கு சைக்கிள் டியூப் வேற போட்டு இறுக்கியிருக்கேன்.

எம்சீலைச் சுரண்டி எடுத்தாச்சு. வழியாம இருக்க என்ன பண்றது?

காவேரிப்பட்டணம்_பட்டறை · ஞாயிறு, மாலை 5.00

டீசலுக்குன்னு விக்கற ஹோஸ் ரெண்டடி வாங்கி அந்த முனையில மாட்டி, கிளிப் போட்டு, டேங்க் மட்டத்துக்கு மேல பாடி சட்டம் வரைக்கும் தூக்கிக் கட்டு. அங்க ஒரு வளைவு கொடுத்து முனையைக் கீழ பார்க்க விடு. முனையில சன்னமான பித்தளை வலை ஒரு துண்டு சுத்து, குளவி கூடு கட்டாம இருக்கும். சிரிக்காத, நான் எடுத்திருக்கேன். துணி மட்டும் அடைக்காத, மண்ணு புடிச்சு மறுபடியும் எம்சீல் கதையாயிடும்.

சைக்கிள் டியூபை இன்னிக்கே கழட்டி எறி. அந்த ரப்பருக்கு டீசல் ஆகாது, ஊறி உதிர்ந்து ஃபில்டர்ல போய் உட்காரும். நைட்ரைல் ரப்பர் வாஷர் கேளு, அதுதான் டீசல்ல நிக்கும்.

மூடி அளவுக்கு, வாய்க்குள்ள வெர்னியர் (சன்னமா அளக்கற கருவி) வச்சு குறுக்களவு எடு. வாயில வெட்டு எத்தனை, மூடியில அந்த வெட்டுக்குள்ள போய்ப் புடிக்கற காது எத்தனைன்னு பாரு. அப்புறம் எல்லாரும் விடறது ஆழம்: விளிம்புல இருந்து காது போய்ப் புடிக்கற சரிவு வரைக்கும் எவ்வளவு. உன் மூடி ஆடினது அதனாலதான். அளவு ஒண்ணு, ஆழம் வேற.

மேலுமலை_டிரைவர் · ஞாயிறு, இரவு 8.20

பழைய மூடி கையில இல்லாதவங்க வெர்னியருக்கு எங்க போவாங்க? டேங்க் வாய் மேல ஒரு தாளை வச்சு பென்சிலால தேய்ச்சா விளிம்பு, வெட்டு எல்லாம் அச்சா விழுந்துடும். ஆழத்துக்கு ஒரு தீக்குச்சி. நான் அதைக் கடையில காட்டித்தான் வாங்கினேன்.

அரூர்_ஆயில்மேன் · ஞாயிறு, இரவு 8.45

ஒத்துக்கறேன்பா, மூடிதான். ஆனா அந்த ஹோஸையும் ஒரு தடவை பார்த்துடு.

பாலக்கோடு_407 · வியாழன், இரவு 10.50

பென்சில் அச்சும் தீக்குச்சியும் கொண்டு போனேன். கடைக்காரர் சிரிச்சார், ஆனா அஞ்சு மூடி எடுத்துப் போட்டார். மூணுல காது ஒத்துவருது, அதுல ஒண்ணுலதான் ஆழமும் ஒத்துவந்துச்சு. லாக் மூடிதான், மூச்சு இல்லாதது. பிரீதர் திறந்துட்டதால பரவாயில்லைன்னு எடுத்துட்டேன், 380 ரூபா. வாஷர் நைட்ரைல்தானான்னு கேட்டதுக்கு நைட்ரைல்தான்னார். ஒரு ராத்திரி டீசல்ல ஊறப்போட்டுப் பார்த்தேன், உப்பல.

நேத்து ஓமலூர்ல ஃபுல் டேங்க், தீவனம் 45 மூட்டை. தொப்பூர் ஏத்தம் முழுக்க ஒரு விக்கல் இல்ல. வீட்டுக்கு வந்து வேணும்னே மூடியைத் திறந்தேன், சத்தமும் இல்ல. அரூர் அண்ணா, ஹோஸும் பார்த்தேன், ஒரு இடத்துல லேசா வெடிப்பு இருந்துச்சு, மாத்திட்டேன்.

இந்த மூடியைப் பூட்டினாத்தான் சாவி வெளிய வருது. அதனால அதை வண்டிச் சாவி வளையத்துலயே கோர்த்துட்டேன். பங்க்ல எந்தப் பையன் பம்ப் மேல மூடியை மறந்து வச்சாலும், இனிமே அது இல்லாம என்னால வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாது.